ஒன்பது பேருக்கு ஒரு வான்

திருகோணமலை
சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாய் இருக்கக் கோணேசர் துணை. அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் ஆவணிப் பயணம் என்று சொன்னால் எழும்பி நடக்கிறா.

உன்ர செய்தி கிடைத்தது. "நாங்கள் தனியா ஒரு வான் பிடிக்கிறம் அப்பா, நீங்கள் தம்பியாக்களோட வாங்கோ, கரைச்சல் இல்லை" என்று எழுதியிருந்தாய். நான் பதில் போடவில்லை. போனில் கதைத்தால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதால விபரமாய் எழுதுகிறேன். ஆறுதலாய் இருந்து வாசி, மருமகனுக்கும் காட்டு.

போன வருசம் இந்த நேரம் சின்னவளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு எங்கள் எல்லாருக்கும் தெரியும். பகல் வேலை, இரவு பிள்ளையின் கட்டிலடி. கலங்காமல் நின்று சமாளித்தாய். ஊரில் ஆர் கேட்டாலும் அதைச் சொல்ல எனக்குப் பெருமை. பிள்ளை இப்போது ஓடித் திரிகிறதை வீடியோவில் பார்க்கிறோம். இந்த வருசப் பயணம் அதற்குத்தான். நேர்த்தி வைத்தது நீ மட்டும் இல்லை. அம்மா வைத்தா, நான் வைத்தேன், வேறு ஆட்களும் வைத்தார்கள். வைத்தவர்கள் எல்லாரும் ஒன்றாய் நின்றுதான் அதை முடிக்கவேண்டும்.

முதலில் வான். நீங்கள் நாலு பேர், தம்பி வீட்டார் மூன்று, நாங்கள் இரண்டு. ஒன்பது. உயரக் கூரை கே.டி.எச். வானுக்கு இது சரியான கணக்கு. பதினாலு சீட் என்று சொல்லுவார்கள், பெட்டிகளோடு பதினாலு பேர் போக ஏலாது, கடைசி வரிசை பெட்டிக்கே போய்விடும். ஒன்பது பேருக்கு இடம் தாராளம். வாடகை பேசும்போது கேட்கவேண்டியது இவ்வளவும்: கிலோமீற்றர் கணக்கா, நாள் கணக்கா, நாள் கணக்கு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் அடங்கும், கிலோமீற்றர் எண்ணத் தொடங்குவது எங்கட வாசலில் இருந்தா, அவர்களின் கராஜில் இருந்தா, இரவு தங்கினால் சாரதியின் சாப்பாடும் படுக்கையும் ஆர் பொறுப்பு, ஏ.சி. நாள் முழுக்கப் போடுவார்களா. இதை முன்னமே பேசாவிட்டால் கடைசி நாள் கணக்கில் மனஸ்தாபம் வரும். இரண்டு வான் என்றால் இந்தப் பேச்சும் இரண்டு, சாரதிமாரின் தங்கலும் இரண்டு.

வான் வந்த உடனே சீட் உறைக்குக் கீழே கையை விட்டுச் சீட் பட்டியை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும். புது உறை போடும்போது பட்டியை உள்ளே விட்டுத் தைத்த வான்கள் நிறைய ஓடுகின்றன. சின்னவளுக்குப் பூஸ்டர் சீட் நீயே கொண்டுவா, இங்கே வாடகை வானில் கிடைக்காது. தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து பட்டி வருகிற சீட்டில்தான் அதை வைக்கலாம். இடுப்புப் பட்டி மட்டும் உள்ள இடத்தில் வைக்கக்கூடாது. டயரையும் பின் வரிசைக்கு ஏ.சி. காற்று வருகிறதா என்பதையும் நான் பார்த்துக்கொள்ளுவேன்.

அடுத்தது வந்து இறங்குகிற நாள். கனடாவில் இருந்து உங்கட பிளேன் விடியக்காலை, சுவிசில் இருந்து தம்பியின்ரது பத்து மணிக்கு. "நாலு மணித்தியாலம் பிள்ளைகளோடு எப்படி நிற்கிறது" என்று கேட்பாய். கட்டுநாயக்காவில் நிற்கத் தேவையில்லை. நீர்கொழும்பு கிட்டத்தான். கடற்கரைப் பக்கம் ஒரு அறை எடுத்துக் குளித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்து, திரும்பி வந்து அவர்களை ஏற்றினால் பதினொரு மணிக்குப் புறப்படலாம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். 250 கிலோமீற்றர் அளவு, சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும் ஆறு ஆறரை மணித்தியாலம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்ட முன்னம் தாண்டவேண்டும், அதுதான் முக்கியம். பொழுது சாய்ந்தால் யானை றோட்டுக்கு வரும். சாம்பல் உடம்பு, வான் வெளிச்சத்தில் கிட்ட வரும்வரை தெரியாது. கண்டால் தூரத்திலேயே நிறுத்தவேண்டும், ஹோர்ன் அடிக்கக்கூடாது, படம் எடுக்க இறங்கக்கூடாது, பழம் நீட்டக்கூடாது. பதினொரு மணிக்குப் புறப்பட்டால் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். நீங்கள் காத்திருப்பீர்களோ என்று தம்பி கேட்டான். காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

அவன் தைப்பொங்கலுக்கு வருவதாய் இருந்து லீவை ஆவணிக்கு மாற்றினான். ஏன் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

விசாவை மறக்காதே. பிள்ளைகளுக்கும் சேர்த்து எல்லாருக்கும் ஈ.ரீ.ஏ. என்கிற இணைய விசா அனுமதி எடுக்கவேண்டும், 30 நாள் தருவார்கள். அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் போடு. அதே தோற்றத்தில் தரகர்களின் தளங்களும் இருக்கின்றன, அதில் கூடக் காசு போகும். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். பேர் கடவுச்சீட்டில் இருக்கிற எழுத்தின்படியே வரவேண்டும். சின்னவளின் குளிசைகளைப் பெரிய பெட்டியில் போடாதே. கைப்பையில், மருந்துப் பெட்டியோடும் டாக்டரின் கடிதத்தோடும் வை. பெட்டி பிந்தி வந்தாலும் மருந்து பிந்தக்கூடாது.

வந்த அடுத்த நாள் விடிய கன்னியா. அனுராதபுர றோட்டில் எட்டுக் கிலோமீற்றர்தான். ஏழு மணிக்கு முன்னம் போனால் சனம் குறைவு. ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றின் சூடும் வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவை, ஆசையோடு வருவார்கள். உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளித்தான் வார்ப்பது. சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி, முதல் காலுக்கு, பிறகு முதுகுக்கு, கடைசியில் தலைக்கு. எடுத்த எடுப்பில் சூட்டுக் கிணற்றுத் தண்ணியைத் தலையில் வார்த்தால் பிள்ளை கத்தும், பிறகு கிட்டவும் வராது. சவுக்காரம், ஷாம்பு வேண்டாம். துவாயும் மாற்று உடுப்பும் போதும். பிளேனில் இருந்து வீங்கின காலுக்கு நல்ல சுகம். அம்மாவின் முழங்காலுக்கும்தான், ஆனால் அம்மாவைப் படியில் பிடிக்க இரண்டு பக்கமும் இரண்டு பேர் வேண்டும். மருமகனை ஒரு பக்கம் நினைத்திருக்கிறேன், தம்பியை மற்றப் பக்கம்.

கோணேசர் கோயிலுக்கும் காலமையே போகவேண்டும். கோட்டை வாசலால் ஏறும்போது செருப்போடு போகலாம், கோயிலடியில் கழற்றினால் கல்லு பத்து மணிக்குப் பிறகு காலைச் சுடும். பிள்ளைகளுக்குக் காலுறை கொண்டுவா. ஆண்கள் சேட் கழற்றவேண்டும் என்று மருமகனுக்கு நினைவுபடுத்து. கோட்டைக்குள் மான் நிற்கும். பழம் கொடுக்கலாம், பொலித்தீன் பையோடு நீட்டக்கூடாது, பையையும் சேர்த்துத் தின்னும். பெரியவன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிக்கிறான் என்றாயே, அவனுக்குச் சொல்லு: பழைய கோயிலை 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள், 1950இல் புதைந்து கிடந்த விக்கிரகங்கள் வெளிப்பட்டன, 1963இல் திரும்பக் கும்பாபிஷேகம் நடந்தது. சம்பந்தர் பாடின பதிகத்தை நான் அவனுக்கு அந்த இடத்தில் வைத்தே பாடிக் காட்டுகிறேன்.

பிறகு கோயிலடிப் பாறைப் பிளவு, இராவணன் வெட்டுப் பக்கம். அங்கே நிற்கிற மரத்தில் பிள்ளை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில் இன்றைக்கும் கட்டுகிறார்கள். பலகைத் துண்டு, சீலைக் கிழிசல், சிலது ஒரு கை அகலம்கூட வராது. காற்றில் வெளிறி, நூல் இற்று, ஒன்றின் மேல் ஒன்றாய்த் தொங்கும். பெரியவனுக்கு முன்னம் நீ கொண்டுபோன தொட்டிலை, உனக்கு எட்டாத கொப்பில் ஏறிக் கட்டினது ஆர் என்று உனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த மரத்தடிக்கு நீ போகும்போது அவனும் பக்கத்தில் நிற்கவேண்டும். அதற்கு மேல் இதைப் பற்றி எழுதவில்லை. விளிம்பில் வேலி இருந்தாலும் சின்னவளின் கையை விடாதே, கடல் நேர் கீழே.

இனிப் பொங்கல். இதைக் கவனமாய் வாசி. எங்கட அம்மன் கோயில் வாசலில், நேர்த்திப் பொங்கல். அளவு அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பச்சை அரிசி 1 கிலோ, வறுத்துக் கோது போக்கின பயறு 250 கிராம், தேங்காய் 3, சர்க்கரை 750 கிராம், கஜு 100 கிராம், பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகை வத்தல், திராட்சை) 100 கிராம், ஏலக்காய் 12. பானை எட்டு லீற்றர் பிடிக்கிறது. இரண்டாம் பாலையும் தண்ணியையும் கலந்து கழுத்துவரை விட்டால்தான் பொங்கி வழியும். பொங்கினதும் இரண்டு லீற்றர் அளவு முகந்து பக்கத்தில் மூடி வைக்கவேண்டும். அதை முகக்காமல் அரிசியைப் போட்டால் பானை வழிந்து நெருப்பு நூர்ந்துவிடும். அரிசி இறுகும்போது முகந்து வைத்ததையே திரும்ப விடு. பச்சைத் தண்ணி விட்டால் கொதி அடங்கி அரிசி ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் நறுக்கரிசியாய் நிற்கும். சர்க்கரையை அவசரப்பட்டுப் போடாதே. அரிசியை விரலால் நசித்துப் பார், நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசிந்தால் மட்டும் போடு. முந்திப் போட்டால் எவ்வளவு எரித்தாலும் அரிசி அதற்கு மேல் வேகாது. முதற்பால் கடைசியில். விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கவேண்டும், நின்று கொதித்தால் பால் திரைந்துவிடும்.

ஆவணியில் கச்சான் காற்று இருக்கும், உனக்குத் தெரியும்தானே. மத்தியானம் திரும்பினால் புழுதியோடு அடிக்கும். அதால விடியவே அடுப்பு மூட்டவேண்டும். மேற்குப் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாய் நிறுத்துவேன், கல்லோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. ஒட்டினால் நெருப்பு மூச்செடுக்காது, புகைதான் வரும். தென்னம் பாளையும் சிரட்டையும் மூட்ட, பிறகு காய்ந்த விறகு.

அடுப்படியில் இரண்டு பேர் வேண்டும். நெருப்பைத் தம்பி பார்ப்பான், அகப்பையை நீ பிடி. சின்ன வயதில் இருந்து அந்த வேலை உங்கள் இரண்டு பேரின்ரதும்தான், வேறு ஆரும் செய்து நான் பார்த்ததில்லை. சர்க்கரை விழுந்த பிறகு பானை அடிப்பிடிக்க ஒரு நிமிசம் காணும். அகப்பை பிடிக்கிறவளுக்குத்தான் அடி தட்டுப்படுவது தெரியும். அவள் "இழு" என்று சொன்னால்தான் அவன் விறகை இழுப்பான். இரண்டு பேரும் வாய் திறக்காமல் நின்றால் பொங்கல் கருகும். சின்னவள் பேரில் வைத்த பொங்கல் அது.

அரிசி போடுவது வயதின்படி. நான், அம்மா, மருமகன், நீ, தம்பி, மருமகள், பிறகு பிள்ளைகள். மும்மூன்று தரம். சின்னவளைக் கடைசியில் தூக்கிப் பிடிக்கவேண்டும், ஆவி கைக்கு அடிக்காமல்.

வெருகல் முருகன் கோயிலுக்கு ஒரு நாள். முந்திக் கிண்ணியாத் துறையில் பாதைக்கு, வாகனம் ஏற்றுகிற அந்த மிதவைக்கு, காத்து நின்றது உனக்கு நினைவு இருக்கும். 2009இல் பாலம் திறந்ததில் இருந்து அந்தக் கரைச்சல் இல்லை, இப்போது மூதூர் தாண்டி வெருகல்வரை நேரே ஓடலாம். திரும்பி வரும்போது கிண்ணியாப் பக்கம் எருமைத் தயிர் வாங்கவேண்டும். சட்டியைச் சரித்துப் பார், தண்ணி விலகாமல் கட்டியாய் நிற்கிறதை எடு. அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இரண்டு இரவு. ஹொரவப்பொத்தானையால் வவுனியா, பிறகு ஏ9 றோட். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்காமல் போகக்கூடாது. நல்லூர்க் கொடி ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் ஏறும், 25 நாள் திருவிழா. தேரும் தீர்த்தமும் கடைசி இரண்டு நாள், அதற்கு நிற்கப் பள்ளிக்கூடம் விடாது. கொடியேறின முதல் கிழமை போனால் நெரிசல் குறைவு, பிள்ளைகளும் சாமி காண்பார்கள். அடுத்த நாள் நயினாதீவு அம்மன் கோயில். குறிகாட்டுவானில் படகு ஏறவேண்டும். இரண்டு வானில் போகிற ஆட்களுக்கு அந்தத் துறையில்தான் பிரச்சினை வரும். ஒரு வான் முந்தும், மற்றது புங்குடுதீவு றோட்டில் பிந்தும், முந்தினவர்கள் வெயிலில் நிற்பதா ஏறுவதா என்று தெரியாமல் தவிப்பார்கள். பிறகு ஒருவர் பூசை காண்பார், ஒருவர் காணமாட்டார். அம்மா எந்த வானில் இருப்பா என்று யோசித்தாயா? பிள்ளைகள் மூன்றும் முதல் முறையாய் ஒன்றாய்ப் பயணம் போகிறார்கள். ஒரே சீட்டில் இருந்து சண்டை பிடித்து, ஒருவர் மடியில் ஒருவர் நித்திரை கொள்ளட்டும்.

புறாமலைத் தீவுக்கு நிலாவெளியில் இருந்து படகு. காலமை ஏழில் இருந்து பத்துக்குள், காற்று எழும்ப முன்னம். பாதுகாப்பு அங்கி பிள்ளைகளின் அளவுக்கு இருக்கிறதா என்று ஏற முன்னம் பார். பவளப் பாறையில் கால் ஊன்ற வேண்டாம், அதுவும் சாகும், காலும் கிழியும். வனசீவராசித் திணைக்களத்தின் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கூட, அதைக் கணக்கில் வைத்துக்கொள்.

வெயிலுக்கு ஜீவனி, தண்ணியில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள், வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பக்கெட்டுக்கு ஆறின தண்ணி ஒரு லீற்றர், கூடவும் கூடாது குறையவும் கூடாது, ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. நுளம்புக்கு விடியவும் பின்னேரமும் முழுக்கைச் சட்டை போடு. மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் அறிவித்தாயிற்று, டெங்கு அப்படியில்லை. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில். இபுபுரோபனும் அஸ்பிரினும் கொடுத்துவிடாதே, டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டும். சின்னவளின் விசயம் என்பதால் அவளின் டாக்டரிடமும் முன்னமே கேட்டு வை.

இன்னொன்று. பிள்ளைக்காக விளக்கு ஏற்றின வீடுகள் இந்த ஊரில் நிறைய. பெரியப்பா வீடு, பாலையூற்று மாமி, உவர்மலை ரீச்சர், முன்வீட்டு ஆச்சி. எல்லா இடமும் போய்ப் பிள்ளையைக் காட்டி நன்றி சொல்லவேண்டும். சொக்லேற் கொண்டுவராதே, வெயிலில் உருகும், அவர்களில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம். நோவுக்குப் பூசுகிற மருந்து, நல்ல துவாய் போதும். ஒரு வீட்டை விட்டு ஒரு வீட்டுக்குப் போனால் குறை வரும், மூத்தவர்களில் தொடங்கு. நீயும் தம்பியும் சேர்ந்தே போங்கோ. பெரியப்பா கதவைத் திறந்த உடனே "மற்றவன் எங்கே?" என்றுதான் கேட்பார். அவருக்கு நீ என்ன பதில் சொல்லுவாய்? கனடாவில் இருந்து இவ்வளவு தூரம் வருகிற பிள்ளை, எவ்வளவோ தாங்கின பிள்ளை, இரண்டாம் வானுக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

காணி உறுதி அலுமாரிக்குள் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஆவணியில் அதை ஆரும் எடுக்கத் தேவையில்லை, நானும் எடுக்கமாட்டேன்.

வான்காரருக்கு வருகிற வெள்ளிக்கிழமை முற்பணம் கட்டவேண்டும். திருவிழாக் காலம், பிந்தினால் நல்ல வான் கிடைக்காது. ஒன்பது பேர் என்று சொல்லியிருக்கிறேன். அதில் மாற்றம் இருந்தால் எனக்கு எழுதவேண்டாம். தம்பிக்கு நீயே எடுத்துச் சொல்லு. அவன்ர பழைய நம்பர்தான். சுவிசில் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டில் நிற்பான், உனக்கு அப்போது பின்னேரம் இரண்டு மணி.

அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்கிவிட்டா. எத்தனை கிலோ வேண்டும் என்று எழுது. தம்பி வீட்டுக்கும் சேர்த்துத்தான் இடிக்கிறா.

அன்புடன்,
அப்பா